மொட்டைக் கடிதமும் இருண்ட திரையும்

தென் கல்கத்தாவில் கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக மேற்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் லேக் மார்க்கெட்டை அடைந்துவிடலாம். வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் அந்த வட்டாரம், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் இடம். அதே சாலை திரைப்பட ரசிகர்களின் சாலையுமாகும். கரியாஹாட்டில் இருந்த ஆலேயா கொட்டகை இன்று இல்லை. தேசப்பிரிய பூங்காவை அடுத்த ப்ரியாவைப் பலரும் அறிவர். ‘பதேர் பாஞ்சாலி’ உருவான காலத்தில் சத்யஜித் ராய் வாழ்ந்த லேக் அவென்யூவும் இவற்றுக்கு அருகிலேயே இருக்கிறது.

திரைப்படத்தைப் பற்றி வாதாடுவது இந்நகரத்தாரின் இயல்பு. அந்த வாதங்களில் ஒன்று இன்னும் ஓயவில்லை. மனிதரின் கயமையையும் துரோகத்தையும் ஆறுதலுக்கு இடமின்றிக் காட்டும் ஒரு படத்தைப் பார்க்கும்போது நாம் ஏன் சினங்கொள்கிறோம்? குற்றம் படத்தினுடையதா, அல்லது அதில் தெரியும் நம் முகத்தினுடையதா? இக்கேள்வியைப் பிரெஞ்சு தேசம் ஒரு விதமாகச் சந்தித்தது; தமிழ்நாடு வேறு விதமாகச் சந்தித்தது. தமிழ்நாட்டுக் கதையில் கல்கத்தாத் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு.

குற்றமும் இருளும் நிறைந்த படங்களை இன்று உலகெங்கும் ‘நுவார்’ என்று அழைக்கிறார்கள். கறுப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அமெரிக்கக் குற்றப் படங்களுக்கு இப்பெயரைச் சூட்டினார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுப் பத்திரிகைகளில் இச்சொல் வழங்கியது. அப்போது அது பாராட்டாக அன்று, வசைமொழியாகவே இருந்தது.

1938இல் மார்செல் கார்னே இயக்கிய ‘மூடுபனித் துறைமுகம்’ வெளிவந்தது. படையிலிருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய் லெ ஆவ்ர் துறைமுகத்தை அடைகிறான். அன்பு காட்டும் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். கப்பலேறித் தப்புமுன் மாண்டுபோகிறான். ழான் கபேன் சிப்பாயாக நடித்தார். கலையறிந்தோர் படத்தைப் போற்றினர். வலதுசாரிப் பத்திரிகைகளோ அதை ஒழுக்கக் கேடு என்றும், மக்களின் மனவலிமையைக் கெடுக்கும் கறுப்புப் படம் என்றும் தூற்றின. மறு ஆண்டு கார்னே எடுத்த ‘பொழுது விடிகிறது’ இன்னும் இருண்டது. கொலை செய்துவிட்டு ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளியின் கடைசி இரவு அது. போர் மூண்டதும் இராணுவத் தணிக்கை அப்படத்துக்குத் தடை விதித்தது.

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, தோல்விக்குக் காரணம் தேடியவர்களில் சிலர் இத்தகைய படங்களையே சுட்டினார்கள். புயல் வந்ததற்காக வானிலைக் கருவியைக் குறைகூறுவதா என்று கார்னே மறுமொழி சொன்னதாகக் கூறுவர். நோய்க்கு நாடிபார்த்தவனே நோயைக் கொண்டுவந்தான் என்று சொல்வது எளிது. தோற்றுப்போன வீட்டில் அது இன்னும் எளிது.

இந்த மனநிலை உச்சத்தை எட்டியது 1943 செப்டம்பர் 28ஆம் நாள் வெளியான ஒரு படத்தில். ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ இயக்கிய அப்படத்தின் பெயர் ‘காகம்’. காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. இந்தக் காகம் கொண்டுவந்ததோ மொட்டைக் கடிதம். ஒரு சிற்றூரில் டாக்டரில் தொடங்கிப் பெரிய மனிதர் ஒவ்வொருவருக்கும் ‘காகம்’ என்று கையொப்பமிட்ட கடிதங்கள் வருகின்றன. ஒருவர் மறைத்த பாவத்தை மற்றவருக்கு அவை அறிவிக்கின்றன. ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஊரே ஒருவரையொருவர் ஐயுறுகிறது. லூயி ஷவான்ஸ் இக்கதையைப் போருக்கு முன்பே எழுதியிருந்தார். 1917 முதல் 1922 வரை தூல் என்ற பிரெஞ்சு நகரில் மெய்யாகவே பரவிய மொட்டைக் கடிதங்களே அதற்கு அடிப்படை.

ஆனால் படம் வெளிவந்த காலம் வேறு. அப்போது பிரான்ஸில் அண்டை வீட்டாரை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுக்கும் பெயரற்ற கடிதங்கள் அன்றாடம் எழுதப்பட்டு வந்தன. படத்தைத் தயாரித்த காந்தினெந்தால் நிறுவனமோ ஜெர்மானியருடையது. ஆகவே எல்லாத் திசையிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. மதபீடத்தைச் சார்ந்தோர் ஒழுக்கக் கேடு என்றனர். ஆட்சியாளர்களுக்கும் அது பிடிக்கவில்லை. காட்டிக்கொடுப்பதை இழிவாகக் காட்டும் படம் அவர்களுக்கு எப்படி உவக்கும்? விடுதலைப் போராளிகளின் இரகசியப் பத்திரிகைகளோ, இப்படம் பிரெஞ்சு மக்களை இழிவுபடுத்திப் பகைவனுக்குத் துணைபோகிறது என்று முழங்கின. ஜெர்மனியில் அதைத் திரையிட்டுப் பிரெஞ்சுக்காரரை ஏளனம் செய்கிறார்கள் என்ற வதந்தியும் பரவியது. அது உண்மையன்று. மொட்டைக் கடிதத்தைக் கண்டிக்கும் படத்தின் மீதே ஒரு மொட்டை வதந்தி வந்து விழுந்தது!

1944இல் நாடு விடுதலை பெற்றதும் ‘காகம்’ தடைசெய்யப்பட்டது. க்ளூஸோ இனி வாழ்நாளில் படமெடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ழான் கோக்தோ, சார்த்தர் முதலியோர் அவருக்காக வாதாடினர். தண்டனை குறைக்கப்பட்டது; 1947இல் க்ளூஸோ மீண்டும் ஒரு படத்தை வெளியிட்டார்; ‘காக’த்தின் மீதிருந்த தடையும் நீங்கியது. இன்று அது பிரெஞ்சுத் திரையின் பெருஞ்செல்வங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. படத்தின் ஒரு சட்டமும் மாறவில்லை. பார்த்தவர்களின் காலம் மாறியது.

அப்படத்தில் ஒரு காட்சி உண்டு. முதிய டாக்டர் ஒருவர் கூரையில் தொங்கும் விளக்கை ஆட்டிவிட்டு, ஒளி எங்கே முடிகிறது, இருள் எங்கே தொடங்குகிறது என்று இளைய டாக்டரைக் கேட்கிறார். விளக்கு ஆட ஆட இருவர் முகத்திலும் ஒளியும் நிழலும் மாறிமாறி விழுகின்றன. விளக்கைப் பிடித்து நிறுத்த முயன்ற இளையவர் கையைச் சுட்டுக்கொள்கிறார். நல்லவர் இந்தப் பக்கம், தீயவர் அந்தப் பக்கம் என்று கோடு கிழிக்க விரும்பிய நாட்டுக்கு அந்த விளக்கு பொறுக்க முடியாததாயிற்று.

பிரெஞ்சுத் திரைக்கலை கல்கத்தாவுக்கு நேரில் வந்ததும் இக்காலத்தை ஒட்டியேதான். 1947இல் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய இளைஞர்கள் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1949இல் ழான் ரெனுவார் ‘நதி’ என்னும் படத்துக்காக இங்கு வந்தார். எமிலி ஸோலாவின் நாவலை ஒட்டி, கொலைவெறிக்கு ஆளான ஓர் இரயில் ஓட்டுநரின் கதையை 1938இல் படமாக்கியவர் அவர். ஹூக்ளிக் கரையில் அவர் எடுத்த படத்திலோ இருளில்லை, ஆற்றின் அமைதி இருந்தது. அதில் அடையாற்றில் பிறந்து கலாக்ஷேத்திரத்தில் நாட்டியம் பயின்ற ராதா நடித்தார். இடம் தேடி அலைந்த ரெனுவாருக்கு உடன் சென்று உதவியவர் ராய்.

இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் திரைப்பட விழாவொன்றில் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைக் கண்டார். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பல விதமாகச் சொல்லும் முறை அவரைக் கவர்ந்தது. அம்முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார் என்றும், அது ஏற்கப்படவில்லை என்றும் கூறுவர். பின்னர் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்க முன்வந்தார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதினார். அதுவே 1954 ஏப்ரலில் வெளியான ‘அந்த நாள்’.

அதன் நாயகன் வேடம் முதலில் எஸ்.வி. சகஸ்ரநாமத்துக்கும், அடுத்துக் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விசுவநாதனுக்கும் சென்றது. படப்பிடிப்பும் நடந்தது. ஆயினும் தயாரிப்பாளருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. முடிவில் சிவாஜி கணேசன் நடித்தார். ‘கல்கத்தா விசுவநாதன்’ என்று பெயர் பெற்ற அவர் வங்கத் திரையில் தம் இடத்தைத் தேடிக்கொண்டார். 1962இல் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில், பெண் பார்க்க வந்த வங்காளி கனவானாகவே தோன்றினார்.

‘அந்த நாள்’ தொடங்கும்போதே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். காலம் 1943 அக்டோபர். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயம். பாரிஸில் ‘காகம்’ திரைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு வாரமே ஆகியிருந்த நேரம் அது! 1942 டிசம்பரிலேயே குண்டுவீச்சைக் கண்டுவிட்ட கல்கத்தாவாசிகளுக்கு அந்த அச்சம் புதிதன்று. இறந்தவன் ரேடியோ இஞ்சினீயர் ராஜன். அவனைச் சுட்டவர் யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டார், காதலி என ஐவர் மீது ஐயம் விழுகிறது. விசாரணை முன்னேற முன்னேற, இறந்தவனே நாட்டின் இரகசியங்களைப் பகைவனுக்கு விற்றவன் என்பது வெளிப்படுகிறது. சுட்டவர் யார் என்பதை இங்கே கூறப்போவதில்லை. க்ளூஸோ தம் 1955ஆம் ஆண்டுப் படமொன்றின் இறுதியில், முடிவைப் பிறருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொண்டார். அது நல்ல மரபு.

இப்படத்தில் பாட்டு இல்லை, நடனமும் இல்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் இது. மக்கள் ஏமாற்றமடைந்தனர், முதல் ஓட்டத்தில் வசூல் வரவில்லை. பாட்டில்லாத குறை மட்டும்தானா காரணம்? தாம் போற்றும் நடிகர் முதற் காட்சியிலேயே பிணமாகக் கிடப்பதையும், பின்னர் துரோகியாக எழுவதையும் ரசிகர் ஏற்பது எளிதன்று. படித்த, பண்புள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் நடுக்கூடத்திலேயே துரோகம் குடியிருந்தது என்பதும் கசப்பான செய்திதான். எனினும் 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. மீண்டும் திரைக்கு வந்தபோது மக்கள் விரும்பிப் பார்த்தனர். தமிழ்த் திரையின் முன்னோடிப் படங்களைக் கணக்கிடுவோர் எவரும் இன்று அதை விட்டுவிடுவதில்லை.

ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வோருக்கு இதில் தனியான ஒரு சோதனை உண்டு. பிற மொழியாருடன் அமர்ந்து நம் மொழிப் படத்தைப் பார்க்கும்போது, அதில் நம் ஊர் அழகாகவும் நம்மவர் நல்லவராகவும் தோன்ற வேண்டும் என்று உள்ளம் விழைகிறது. விழைவதில் தவறில்லை. பிற இந்தியரும் இதற்கு விலக்கல்லர். ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், 1980இல், நர்கீஸ் தத் ராய் மீது இந்திய வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டை எழுப்பினார். பிரெஞ்சுக்காரர் ‘காக’த்தின் மீது சொன்னதும் இதுவே: வீட்டுக் குறையை வெளியே சொல்லலாமா?

ஆனால் மொட்டைக் கடிதத்துக்கும் இருண்ட படத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மொட்டைக் கடிதம் எழுதுபவன் தன் பெயரை மறைத்துக்கொண்டு பிறரின் குற்றத்தைச் சொல்கிறான். கார்னேயும் க்ளூஸோவும் பாலசந்தரும் தம் பெயரைத் திரையில் பொறித்து, தம்மவர் நடுவே நின்று, நம் எல்லோருடைய குற்றத்தையும் சொன்னார்கள். அதற்குரிய விலையையும் கொடுத்தார்கள். ஆகவே அடுத்த முறை ஓர் இருண்ட படம் நம்மைச் சினங்கொள்ளச் செய்தால், எழுந்து வெளியேறுமுன் சற்று அமர்ந்திருப்போம். அந்தச் சினம் பொய்யைக் கண்டு எழுந்ததா, மெய்யைக் கண்டு எழுந்ததா என்று நம்மையே கேட்டுக்கொள்ள அந்தச் சிறுபொழுது போதுமானது.