இரண்டு பெயர், ஒரே மெட்டு

1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 28 வயதில் இறந்தபோது, 'தேவதாஸ்' உள்ளிட்ட சில படங்கள் பாதியில் நின்றன. அவற்றை முடித்துக் கொடுத்தவர்கள் அவருடைய உதவியாளர்கள்: திருச்சி வயலின்காரர் ராமமூர்த்தி, ஆர்மோனியக்காரர் விஸ்வநாதன்.

அதே ஆண்டு 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. இந்த ஜோடியை அமைத்தவர் படத்தின் இயக்குநர் என்.எஸ்.கிருஷ்ணன் என்பார்கள். ஆறு வயது இளையவரான விஸ்வநாதனின் பெயரே முதலில் நின்றது. வயதுக்கு மரியாதை பார்க்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் இந்தக் கூட்டணியின் விளைச்சல். 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் கிடைத்தது. ஒரு பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். வீண் வேலை.

1965-இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். காரணத்துக்குக் கதைகள் பல. விஸ்வநாதன் தனியாகவும் உச்சத்திலேயே இருந்தார். ராமமூர்த்திக்கு 'தேன் மழை' போன்ற படங்கள் அமைந்தும் வாய்ப்புகள் மெலிந்தன. கணக்கு நியாயமாக விழவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மீண்டும் சேர்ந்து இசையமைத்தார்கள். 2012-இல் அன்றைய தமிழக முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் பாராட்டினார். மறு ஆண்டே ராமமூர்த்தி காலமானார்.