ப்ரூஃப் நாணயம்

அச்சகத்தில் பிழை திருத்தும் தாளுக்கும் ப்ரூஃப் என்றே பெயர். தமிழில் மெய்ப்பு என்கிறோம். அச்சக ப்ரூஃபுக்கும் நாணய ப்ரூஃபுக்கும் ஒரே வேர். சோதித்துப் பார்த்தல் என்ற பொருளுள்ள ‘ப்ரொபாரே’ எனும் லத்தீன் வினையிலிருந்து வந்தவை. புதிய அச்சு சரியாகப் பதிகிறதா என்று பார்க்க நாணயச் சாலையில் முதலில் அடித்துப் பார்த்த காசே ப்ரூஃப். பிறகு அதுவே, பார்வைக்கும் சேகரிப்புக்கும் என்று தனிக் கவனத்துடன் அடிக்கப்படும் காசுக்குப் பெயராயிற்று.

பலர் இதைக் காசின் நிலையைச் சொல்லும் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று, இது தயாரிப்பு முறையின் பெயர். மெருகேற்றிய உலோக வில்லையை மெருகேற்றிய அச்சில் வைத்து, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். அதனால் விளிம்பும் எழுத்தும் கூர்மையாக நிற்கும். இக்காலக் காசுகளில் தளம் கண்ணாடியாகவும் உருவம் பனி படிந்தாற்போலவும் இருக்கும். கைமாறித் தேய்ந்தாலும் ப்ரூஃப் ப்ரூஃப்தான். சாதாரணக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ப்ரூஃப் என்று விற்பதும் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும், எழுத்தோரங்கள் மழுங்கியிருக்கும்.

இந்தியக் காசுகளில் இன்னோர் அடையாளம் உண்டு. மும்பை நாணயச் சாலையின் வழக்கமான குறி வைரம். அதன் ப்ரூஃப் காசுகளில் முன்பு ‘பி’ (B) என்ற ஆங்கில எழுத்தும், 1996 முதல் ‘எம்’ (M) என்ற எழுத்தும் இருக்கும். ஆண்டுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.