பாதி அட்டனில், பாதி கோத்தகிரியில்

அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் இருக்கும் ஓர் அம்மாயியிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் ஒரு போட்டோ. தங்கச்சி, தங்கச்சி புருசன், மூணு பிள்ளைகள். 1972இல், இந்தியாவுக்குப் போறதுக்கு முந்தி டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. "கோச்சி ஏத்திவிட்டு வந்தேன். ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார்.

நாங்கள் வம்சவரலாறு தேடத் தொடங்கியது அந்த டின்னிலிருந்துதான்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா இங்கே, தங்கச்சி அங்கே என்று வீடுகள் உடைந்தது இந்தக் கணக்கில்தான். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கட ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அதற்குப் பிறகு யார் எங்கே போனார்கள் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

எங்களிடம் முதன்முதலில் வம்சாவளி கேட்டது உறவுக்காரர் இல்லை, அரசாங்கம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் முப்பாட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவது? அம்மா வழியைச் சட்டம் கேட்கவே இல்லை. இன்றைக்கும் தாத்தா பேரைச் சொல்லத் தெரிந்த வீட்டில் அவருடைய அம்மா பேர் தெரிவதில்லை. (எங்கட வீடுகளையும் சேர்த்துத்தான்.)

தோட்டத்துக் கடதாசிகளிலும் குடும்பம் குடும்பமாக இல்லை. செக்ரோலில் ஆள் இருப்பார், கங்காணியின் பேர் இருக்கும், பேர் போட்ட நாள் இருக்கும். ஒரே தோட்டத்தில் நாலு மீனாட்சி, ஆறு கருப்பையா. அதிலும் பெரிய தலையிடி தோட்டத்துக்கே ரெண்டு பேர் இருப்பது. கடதாசியில் துரைமார் வைத்த இங்கிலீஷ் பேர், வாயில் தமிழ்ப் பேர். இந்தியாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு வாயில் வந்த பேர்தான் தெரியும், எங்களிடம் இருப்பதோ இங்கிலீஷ் பேர் உள்ள கடதாசி. அதனால் தனியாக இருந்து தேடினால் ஒருத்தருக்கும் ஒன்றும் பொருந்தாது. பாதி அவர்களிடம், பாதி எங்களிடம்.

அதனால் அந்தப் போட்டோவை அம்மாயியின் சம்மதத்தோடு இணையத்தில் போட்டோம். தோட்டத்தின் ரெண்டு பேர், டிவிஷன், கோச்சி ஏறின வருசம், பூர்வீக ஊர் துறையூர் பக்கம் என்று சொன்னது எல்லாம் எழுதினோம். அடையாள அட்டை இலக்கம், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, சாதி மூன்றையும் எழுதவில்லை. சாதியைப் போட்டால் சீக்கிரம் ஆள் கிடைக்கும் என்று ஒரு அண்ணன் சொன்னார். கிடைக்கலாம். ஆனால் யாரோ ஒரு பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் அதை நிரந்தரமாக எழுதிவைக்க நாங்கள் யார்?

முதலில் வந்த பதில் கூடலூரிலிருந்து. பேர் சரி, வருசம் சரி. ஒரு கிழமை முழுக்க சந்தோசம். பிறகு பார்த்தால் தமிழ்ப் பேர் ஒன்றாயிருந்த வேறொரு தோட்டம். அவசரப்பட்டு அம்மாயியிடம் சொல்லிவிட்டது எங்கட பிழை. அவர் எங்களைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ரெண்டாவது பதில் கோத்தகிரியிலிருந்து. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குப் போன குடும்பம். இந்தத் தடவை நாங்கள் போட்டோவை ஆதாரமாக எடுக்கவில்லை. "உங்க அம்மா, அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று மட்டும் கேட்டோம். அந்த அண்ணன் சொன்ன செல்லப்பேரை அம்மாயி எங்களிடம் ஏற்கனவே தனியாகச் சொல்லியிருந்தார்.

தங்கச்சி செத்துப் பல வருசம். வீடியோ கோலில் அந்த அண்ணன் "பெரியம்மா" என்றார். அம்மாயி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

அடுத்த மாதமே அங்கேயிருந்து ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், 'சிலோன்காரங்க' என்று தெரிவது இப்ப வேணாம், போட்டோவை எடுத்துவிடுங்க. எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றைக்கே எடுத்துவிட்டோம். தேடிக் கண்டுபிடித்தது நாங்கள் என்றாலும் போட்டோவில் நிற்பது அவர்கள்.

படத்தை இப்போது காகிதத்தில்தான் வரைந்து வைத்திருக்கிறோம், ரெண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி. மேலே, அக்கா தங்கச்சியின் அம்மாவுக்கு மேலே, ஒரு பெட்டி வெறுமையாக இருக்கிறது. அந்தப் பாட்டி வந்த ஊரை அம்மாயி ஒரு மாதிரிச் சொல்கிறார், கோத்தகிரியில் வேற மாதிரிச் சொல்கிறார்கள். துறையூர்ப் பக்கம் ரெண்டு பேரிலும் ஊர் இருக்கா என்று அந்த அண்ணன் போய்ப் பார்த்து வருகிறேன் என்றிருக்கிறார்.