கோடிட்ட இடம்: மத்வேய் பிரான்ஸ்டைன் (1906 - 1938)

குவாண்டம் இயக்கவியலும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலும் இன்னும் ஒன்றோடொன்று இணங்கவில்லை என்பது அறிவியல் கட்டுரைகளைப் புரட்டும் எவரும் அறிந்த செய்தி. ஆனால் அவை ஏன் இணங்க மறுக்கின்றன என்பதை முதன்முதலில் ஆழ்ந்து கண்டவர் யார் என்று வினவினால் பெயர் சொல்வோர் அரியர். மத்வேய் பெத்ரோவிச் பிரான்ஸ்டைன் என்னும் அப்பெயரை நாம் அடைந்தது இயற்பியலின் வழியே அன்று, இலக்கியத்தின் வழியே. ருஷ்ய இலக்கியம் படிப்போர்க்கு 'சோஃபியா பெத்ரோவ்னா' குறுநாவலை எழுதிய லிடியா சுக்கோவ்ஸ்காயாவைத் தெரிந்திருக்கும். அவருடைய கணவர் இவர். இவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இவருடைய சாவைப் பற்றியது. அதற்குமுன் இவர் என்ன கண்டார் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நியாயம் எனக் கருதுகிறோம்.

1906இல் இன்றைய உக்ரைனின் வின்னித்ஸா நகரில் பிறந்தார். பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பயின்றவர். கீவ் நகரில் இருந்தபோது, பதினெட்டு வயதில், 1925இல் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். மறு ஆண்டு லெனின்கிராத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே காமோவ், லாந்தாவ், இவனென்கோ ஆகியோரின் கூட்டத்தில் ஒருவரானார். 'ஜாஸ் குழு' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்ட அந்த இளைஞர்கள் கேலிக் கவிதைகளும் குவாண்டம் கோட்பாடும் ஒரே மூச்சில் பேசினர். பிரான்ஸ்டைனுக்கு அவர்கள் சூட்டிய பட்டப்பெயர் 'மடாதிபதி'. நூல்களில் ஊறிய மனிதருக்குப் பொருத்தமான பெயர்தான்.

1933இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இயற்பியல் முழுவதற்கும் ஒரு வரைபடம் வரைந்தது. ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றே அதன் எல்லைக்கற்கள். ஒளியின் வேகத்தைக் கணக்கில் கொண்டால் சிறப்புச் சார்பியல்; அதனுடன் ஈர்ப்பு மாறிலியும் சேர்ந்தால் பொதுச் சார்பியல்; பிளாங்க் மாறிலி மட்டும் எனில் குவாண்டம் இயக்கவியல். மூன்றும் ஒருங்கே தேவைப்படும் கோட்பாடு எங்கே? அந்த இடம் வெறுமையாக இருந்தது. இப்பேரண்டத்தின் வரலாற்றை அறிய அந்த இடம் நிரம்பியாக வேண்டும் என்றார் அவர்.

அக்காலத்தில் அந்த வெறுமை பலரைக் கலக்கவில்லை. குவாண்டம் கோட்பாடு ஈர்ப்புக் கோட்பாட்டையும் திருத்த வேண்டியிருக்கும் என்று ஐன்ஸ்டைன் 1916லேயே குறிப்பிட்டிருந்தார். ஆயினும், மின்காந்தப் புலத்துக்குச் செய்ததை ஈர்ப்புப் புலத்துக்கும் புதிய இடர்ப்பாடு ஏதுமின்றிச் செய்துவிடலாம் என்று 1929இல் ஹைசன்பர்க்கும் பவுலியும் போகிறபோக்கில் எழுதிச் சென்றனர். 1930இல் ரோசன்ஃபெல்ட் முயன்றும் பார்த்தார். வேலை எஞ்சியிருக்கிறது, சிக்கல் எதுவும் எஞ்சவில்லை என்பதே பொது எண்ணம்.

இந்த எண்ணத்தைத்தான் பிரான்ஸ்டைன் உடைத்தார். தமிழ் கற்பிக்கும் நமக்கு அவருடைய சமன்பாடுகள் எட்டா, வாதம் எட்டுகிறது.

ஒரு மின்புலத்தை அளக்க வேண்டுமெனில், மின்னூட்டம் பெற்ற சோதனைப் பொருள் ஒன்றை அதில் வைத்து, குறித்த இடைவேளையின் தொடக்கத்திலும் முடிவிலும் அதன் உந்தத்தை அளந்தறிய வேண்டும். அளக்கும் செயலே பொருளை அசைத்துவிடும் என்பது குவாண்டம் விதி. அசைந்த பொருள் தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்பி அளவீட்டைக் கலக்கும். இதனால் புலத்தை அளப்பதே பொருளற்றது என்று லாந்தாவும் பையர்ல்ஸும் 1931இல் வாதிட்டனர். போரும் ரோசன்ஃபெல்டும் 1933இல் அதை மறுத்தனர். சோதனைப் பொருளின் மின்னூட்டம் வேறு, நிறை வேறு. இரண்டையும் தனித்தனியே நம் விருப்பப்படி தெரிந்துகொள்ளலாம். போதிய அளவு கனமான பொருளை எடுத்துக்கொண்டால் அசைவு எவ்வளவு வேண்டுமானாலும் குறையும் என்பது அவர்களின் விடை.

ஈர்ப்பில் இந்தச் சலுகை கிடையாது. மின்னூட்டத்தின் இடத்தில் நின்று புலத்தை உணர்வதும் நிறையே. அசையாமல் தடுப்பதும் நிறையே. துல்லியத்தை நாடி, சிறிய கனஅளவுக்குள் மேன்மேலும் நிறையைச் செறித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் அந்நிறைக்குரிய ஈர்ப்பு ஆரம், பொருளின் அளவையே எட்டிவிடும். அந்த நிலையில் உள்ள பொருளைக் கருந்துளை என்று அழைக்கும் வழக்கம் 1960களில்தான் வந்தது. பிரான்ஸ்டைனிடம் அச்சொல் இல்லை. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் அளவுகோல் என்ற ஒன்றே இருக்க இயலாது என்பதை அவர் கண்டுகொண்டார். கருவியின் குறை அன்று இது, ஈர்ப்பின் இயல்பு. ஆகவே ரீமானின் வடிவியலையும், வெளி, காலம் ஆகியவை பற்றிய நம் வழக்கமான கருத்துகளையுமேகூடக் கைவிட நேரலாம் என்று எழுதினார்.

1935 நவம்பரில் முனைவர் பட்டத்துக்காக இந்த ஆய்வை முன்வைத்தபோது தேர்வாளர்களாக அமர்ந்தவர்கள் ஃபோக், தம் ஆகிய இருவர். ஈர்ப்பைக் குவாண்டமாக்கும் முயற்சிகளில் இயற்பியல் முடிவொன்றைத் தந்த முதல் ஆய்வு இது என்றார் ஃபோக். வலிமை குன்றிய புலங்களில் ஈர்ப்பலைகள் எவ்வாறு பொட்டலம் பொட்டலமாக ஆற்றலைச் சுமக்கும் என்பதையும், அதிலிருந்து நியூட்டனின் பழைய எதிர் இருமடி விதி எவ்வாறு திரும்பக் கிடைக்கிறது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. ஈர்ப்பலைகள் 2015 செப்டம்பர் 14 அன்று நேரடியாகப் பதிவாயின. 'கிராவிட்டான்' எனப்படும் பொட்டலம் இன்றளவும் தனியே சிக்கவில்லை.

இதே ஆண்டுகளில் அவர் சிறுவர்க்கும் எழுதினார் என்பது நமக்கு வியப்பூட்டுகிறது. சிறுவர் இலக்கியத்தின் பெருந்தலையான மர்ஷாக் லெனின்கிராத்தில் ஒரு பதிப்புக்குழுவை நடத்திவந்தார். லிடியா அதில் பதிப்பாசிரியர். அங்கே பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 1936இல் நூலாக வந்தது 'சூரியப் பொருள்'. ஹீலியம் கண்டறியப்பட்ட கதை அது. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தை ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து ஆராய்ந்ததும், அவ்வாண்டிலேயே லாக்யர் சூரிய ஒளியில் இனம் தெரியாத மஞ்சள் கோடு ஒன்றைக் குறித்ததும், 1895இல் ராம்சே அதே பொருளைப் பூமியில் பிடித்ததும் அந்த வரலாற்றின் கண்ணிகள். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த தமிழ் அறிவியல் நூல்களில் வளர்ந்த தலைமுறை நாம். அந்த மரபின் தொடக்கக் கைகளில் ஒன்று எப்படி முறிக்கப்பட்டது என்று அந்நூல்கள் நமக்குச் சொன்னதில்லை.

1937 ஆகஸ்ட் 6 இரவு, கீவில் பெற்றோர் வீட்டில் இருந்த பிரான்ஸ்டைன் கைது செய்யப்பட்டார். டிராட்ஸ்கியின் இயற்பெயரும் பிரான்ஸ்டைன்தான். உறவு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் அப்பெயரைச் சுமப்பது எளிதன்று. 1938 பிப்ரவரி 18 அன்று லெனின்கிராத்தில் இராணுவ நீதிக்குழு அவருக்கு மரண தண்டனை விதித்தது; அன்றே சுட்டுக் கொன்றனர். வயது 31. 'கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்தாண்டுச் சிறை' என்று மனைவிக்குச் சொல்லப்பட்டது. சிறைச் சாளரங்களின் முன் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லப்பட்ட அதே வாசகம். ஐயோஃபே, ஃபோக், தம் முதலிய இயற்பியலாளரும், மர்ஷாக், லிடியாவின் தந்தை கர்னேய் சுக்கோவ்ஸ்கி போன்ற எழுத்தாளரும் அவருக்காக மேலிடத்துக்கு விண்ணப்பித்தனர். 1938 ஏப்ரலில் கைதான லாந்தாவ், கபிட்ஸாவின் விடாமுயற்சியால் ஓராண்டில் வெளிவந்தார். பிரான்ஸ்டைனுக்காக எழுதப்பட்ட மன்றாட்டுகளோ, எழுதியவர்கள் அறியாமலே, இறந்துபோன ஒருவருக்காக அனுப்பப்பட்டவை.

அந்த நாள்களில்தான் லிடியா அக்மதோவாவுடன் நெருங்கிப் பழகினார். கவிஞர் தம் வரிகளைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார். லிடியா மனப்பாடம் செய்ததும் தாள் எரிக்கப்படும். 1939-40 குளிர்காலத்தில், பள்ளி நோட்டு ஒன்றில், 'சோஃபியா பெத்ரோவ்னா'வை எழுதினார். சோவியத் நாட்டில் அது அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

1957இல் பிரான்ஸ்டைன் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். மனைவிக்குத் தரப்பட்ட இறப்புச் சான்றிதழில் இறந்த நாள் இருந்தது. எப்படி இறந்தார், எங்கே இறந்தார் என்னும் இடங்களில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. கணவரைப் பற்றி லிடியா பல்லாண்டுகள் எழுதிய நூலுக்கு அந்தக் கோட்டின் பெயரையே, 'புரோச்செர்க்' என்று, சூட்டினார். தேர்வுத்தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று ஆண்டுதோறும் அச்சிடும் நமக்கு அத்தலைப்பு தொண்டையில் சிக்குகிறது. 1996இல் அவர் மறைந்தார். நூல் 2001இல் வெளிவந்தது.

'சூரியப் பொருள்' 1959இல் லாந்தாவின் முன்னுரையோடு மறுபதிப்பாயிற்று. கொரேலிக், ஃபிரெங்கெல் ஆகிய இருவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1990இல் வந்தது. இதற்கிடையில், 1960களில், ஈர்ப்பை அளப்பதற்கு இயற்கையே இடும் எல்லையை மேற்குலக இயற்பியலாளர் சிலர் தம் வழியில் வாதித்து மீண்டும் வந்தடைந்திருந்தனர். பிரான்ஸ்டைனின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரை, ஈர்ப்பியல் ஆய்விதழ் ஒன்றில், பழம்பெரும் கட்டுரைகளின் வரிசையில், 2012இல் ஆங்கிலத்தில் மறுபடி அச்சாயிற்று. மூன்று மாறிலிகளும் சேரவேண்டிய அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.