1948: ஒரு மருந்தும் ஒரு பிடி மண்ணும்

1948 என்றதும் நமக்கெல்லாம் காந்தியடிகள் சுடப்பட்ட ஜனவரி 30தான் நினைவுக்கு வரும். 34 ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கும் அப்படித்தான். ஆனால் மருத்துவ வரலாற்றிலும் அது பெரிய ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் நடந்த மூன்று காரியங்களை வைத்து இன்றைய பதிவு. சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. கிருமியை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். மூட்டு, தோல், இரத்தக் குழாய் என்று உடம்பைக் கட்டிச் சேர்த்து வைத்திருக்கும் இணைப்புத் திசுக்கள் அதில் அடிபடும். முடக்குவாதம், தோல் இறுகிப்போகும் ஸ்க்லீரோடெர்மா, எஸ்.எல்.இ. என்று மருத்துவர்கள் சொல்லும் லூபஸ் எல்லாம் இந்த வகை. லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. சிறுநீரகம், மூளை வரைக்கும் போகும்.

இப்போது 1948க்கு வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் மேயோ கிளினிக் இருக்கிறது. அங்கே மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்ற மருத்துவர், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு வினோதமான அணுவைக் கண்டார். வேறோர் அணுவின் உட்கருவையே விழுங்கி வைத்திருந்த வெள்ளை அணு அது. எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை மருத்துவரின் அனுபவத்தை நம்பியே இருந்த லூபஸுக்கு முதல்முறையாக ஒரு பரிசோதனை கிடைத்தது.

அதே ஆண்டு, அதே மருத்துவமனை. செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் நடக்கவே திணறிய 29 வயதுப் பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் குழுவினர் புதிய மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கே போய் வந்தார். அந்த மருந்துதான் கார்ட்டிசோன், இன்றைய ஸ்டீராய்டு மாத்திரைகளுக்கெல்லாம் மூத்தது. இரண்டே ஆண்டில், 1950இல், ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் நோய் குணமாகவில்லை. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது. கூட்டிக் கொடுத்தால் முகம் உப்பியது, வேறு தொல்லைகளும் வந்தன.

மூன்றாவது காரியம் ஆய்வகத்தில் இல்லை, ஒரு பண்ணையில் நடந்தது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண் விஞ்ஞானிகள். ஹேசன் நியூயார்க் நகரில், பிரவுன் ஆல்பனியில். பல ஊர் மண்ணைச் சேகரித்து, அதில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி இருக்கிறதா என்று ஹேசன் பார்ப்பார். இருந்தால் கண்ணாடி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படித் தபாலிலேயே நடந்த ஆராய்ச்சி இது! 1948இல் வர்ஜீனியாவில் தெரிந்தவர்களின் பண்ணைக்குப் போன ஹேசன் அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்தார். அதில் கிடைத்ததுதான் நிஸ்டாடின். நியூயார்க் ஸ்டேட் என்பதிலிருந்து வைத்த பெயர். பூஞ்சை நோய்க்கு மனிதருக்குப் பயன்பட்ட முதல் ஆண்டிபயாட்டிக் அது. அதில் வந்த ஒரு கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமத் தொகையை இருவரும் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

ஸ்டீராய்டுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் எப்போதும் உண்டு. நாள்தோறும் சுவாசிக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம் இரண்டு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு நம் உடம்புச் சூடு ஆகாது. அதைத் தாங்கும் சிலவற்றையும் வெள்ளை அணுக்கள் தின்றுவிடும். ஆனால் ஸ்டீராய்டு வேலை செய்வதே அந்தக் காவல் படையை அடக்கித்தான். சொந்த வீட்டை அடிக்கும் காவலாளியைக் கட்டிப்போடுகிறோம், அந்த நேரம் பார்த்துத் திருடன் நுழைகிறான். லூபஸ் நோயே எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குலைத்துவிடுவதால் ஆபத்து இன்னும் கூடும்.

அப்படி நுழைகிறவற்றில் ஒன்று கிரிப்டோகாக்கஸ். புறா எச்சத்தில் வளரும். மூச்சு வழியே நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூளையின் உறைக்கு ஏறிவிடும். ஹேசன் தன் மண் மாதிரிகளைச் சோதிக்க வைத்திருந்த பூஞ்சைகளில் இதுவும் ஒன்று. ஆனால் நிஸ்டாடின் இதற்கு உதவவில்லை. குடலிலிருந்து இரத்தத்துக்குள் ஏறாத மருந்து அது. வாய்ப்புண், தோல், குடல் வரைக்கும்தான் அதன் வேலை.

உள்ளுறுப்புகளைக் காக்க 1950களின் நடுவில்தான் வழி பிறந்தது. அதுவும் மண்ணிலிருந்துதான். வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஆம்ஃபோடெரிசின். உயிர் காக்கும், ஆனால் குளிர்காய்ச்சலில் ஆளை உலுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர்களே அதற்குப் பயங்கர மருந்து என்று பொருள்படும் கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே லூபஸில் சிறுநீரகம் பழுதானவருக்கு இதை எப்படிக் கொடுப்பது? கொடுக்காமலும் எப்படி விடுவது? 1990 வாக்கில் ஃப்ளூகோனசோல் மாத்திரை வந்த பிறகுதான், பல மாதம் நீடிக்கும் சிகிச்சையை வீட்டிலிருந்தே தொடர முடிந்தது.

மருந்து வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இந்தப் பூஞ்சை நோய் பழைய நோயின் வேடத்திலேயே வரும். காய்ச்சல், தலைவலி, குழப்பம் எல்லாம் லூபஸ் மூளையைத் தாக்கினாலும் வரும், கிரிப்டோகாக்கஸ் தாக்கினாலும் வரும். சிகிச்சையோ நேர் எதிர். லூபஸ் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். பூஞ்சையாக இருந்து அதை அறியாமல் கூட்டினால், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. கல்லூரியில் படிக்கும்போது லூபஸ் வந்து ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகத் தலைவலி, லேசான காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம். பழைய நோய்தான் கிளம்பிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவளைப் பார்த்த மருத்துவர், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அப்படி ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ பயமுறுத்திவிட, அவள் அப்பா எனக்கு ஃபோன் செய்தார். “சார், நீங்க சொல்லுங்க சார், என்ன பண்றது?” என்றார். “டாக்டர் சொல்றதைச் செய்யுங்க, காலுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். எடுத்தார்கள். அந்த நீரில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் பூஞ்சை மட்டும் வெள்ளை வளையத்தோடு தெரியும். அதைச் சுற்றியுள்ள தடித்த உறைக்குள் மை ஏறாது. அவள் நீரில் அந்த வளையங்கள் இருந்தன. இரண்டு வாரம் ஆம்ஃபோடெரிசின், பிறகு ஏறக்குறைய ஓராண்டு ஃப்ளூகோனசோல். இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒரு குழந்தைக்கும் தாய்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. முடக்குவாதத்துக்கு வந்த புதிய ஊசி மருந்துகளைப் பற்றி 2008 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. அந்த மருந்து எடுத்தவர்களில் 240 பேருக்கு ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நோய் வந்ததாகத் தகவல் வந்திருந்தது. அவர்களில் குறைந்தது 21 பேருக்கு அது பூஞ்சை என்று முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த 21 பேரில் 12 பேர் இறந்துபோனார்கள். அப்போது மருந்து இல்லாமல் இல்லை, சந்தேகம்தான் தாமதமாக வந்தது.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அது வேறு பூஞ்சை. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்து அதற்குக் கதவைத் திறந்துவிட்டன. அதற்குப் பிறகு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். லூபஸ் நோயாளிகளில் சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தியதாகக் கேள்விப்படும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் லூபஸ் வந்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இன்று வசதியுள்ள நாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல். அந்த மாற்றத்தில் ஸ்டீராய்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதும் சுரக்காமல் உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டைக் காட்டி வாங்கி நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். புறாக் கூண்டையும் புறா எச்சம் படிந்த பால்கனியையும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வைக்கும், அதனால் சூடு குறைவாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். விடாத தலைவலி, இருமல், மூச்சுத் திணறல், புதிதாக வந்த குழப்பம் எதுவானாலும் மருத்துவரிடம் போய், “இது பழைய நோயா, இல்லை வேறு கிருமியா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதுகில் ஊசி என்றால் பயப்படாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளுக்கென்று முதல் பட்டியலை வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். 19 பூஞ்சைகள், மிக ஆபத்தான நான்கில் கிரிப்டோகாக்கஸும் ஒன்று. ஹேசன் 1948லேயே தன் மேசையில் வைத்துப் போராடிய அதே பூஞ்சைதான்.

தெரிந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால் அவர்கள் கண்ணில் படும்படி இதைப் பகிருங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், வரலாறு என்றால் நான் பதில் சொல்கிறேன். மருந்து பற்றியது என்றால் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.