யாருடைய மகள்?

கடந்த தவணையில் எமது ஆசிரியர் அறையில் கேட்ட ஒரு பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம். பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவியின் பெயரை நாம் சொன்னோம். உடனே ஒருவர், "அது பாட்டுக்காரர்ட மகள்தானே, பாட்டுக்குப் போடுங்க. அதெல்லாம் ரத்தத்துல வாறது" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பிள்ளையின் வாப்பா கல்யாண வீடுகளில் பாடுகிறவர். ஆனால் பிள்ளைக்குப் பாட்டு வராது. பேசத் தொடங்கினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். சிரித்தவர்களின் சிரிப்பில் சங்கீதத்தைப் பற்றிய மரியாதை எதுவும் இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்றிரவு எமக்கு நர்கிஸின் ஞாபகம் வந்தது. எமது வயதுக்காரர்களுக்கு நர்கிஸ் என்றால் வீட்டுப் பெரியவர்களின் வாயில் கேட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த பெண்ணையும் அவருடைய உம்மாவையும் பற்றிச் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்கிஸ் பிறந்தது 1929 ஜூன் 1ஆம் திகதி, கல்கத்தாவில். பிறந்தபோது வைத்த பெயர் பாத்திமா ரஷீத். தந்தை உத்தம்சந்த் மோகன்சந்த், வசதியான இந்துக் குடும்பத்தில் பிறந்து மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். ஜத்தன்பாயை மணப்பதற்காக இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ரஷீத் ஆனார். என்றாலும் எல்லோருக்கும் அவர் கடைசிவரை மோகன் பாபுதான்.

ஜத்தன்பாய் யார் என்பது தெரியாமல் நர்கிஸைப் புரிந்துகொள்ள முடியாது. அவரும், அவருடைய தாயார் தலீபாபாயும் வட இந்தியாவின் 'தவாயிஃப்' மரபில் வந்த பாடகிகள். அந்தச் சொல்லை இன்று நடனக்காரி என்றோ அதைவிட மோசமாகவோ மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் தும்ரியும் கஸலும் இந்தப் பெண்களின் குரலில்தான் வாழ்ந்தன. நல்ல உர்து பேசவும் சபையில் நடந்துகொள்ளவும் பழகுவதற்காகப் பிரபுக்கள் தங்கள் பிள்ளைகளை இவர்களிடம் அனுப்பிய காலமும் உண்டு. 1857க்குப் பிறகு, அரசவைகள் அழிந்து, ஆங்கிலேயரின் சட்டங்களும் சீர்திருத்தக்காரர்களின் பிரசாரமும் சேர்ந்தபோது, கலை பின்னால் போய் அவப்பெயர் மட்டும் முன்னால் நின்றது. பாட்டைக் கேட்டு ரசித்த அதே வீடுகள், பாடியவளுக்கு வாசல் கதவைத் திறக்கவில்லை.

ஜத்தன்பாய் அந்தக் கதவைப் பார்த்து அழுதுகொண்டிருக்கவில்லை. இசைத்தட்டுகளில் பாடினார், வானொலியில் பாடினார், சமஸ்தானங்களின் அழைப்பில் போய்ப் பாடினார். பேசும் படம் வந்ததும் அதற்குள் நுழைந்தார். 1933இல் 'ராஜா கோபிசந்த்' படத்தில் நடித்தார். 1935இல் 'தலாஷே ஹக்' படத்துக்கு இசையமைத்தார். இந்தியத் திரையுலகின் முதல் பெண் இசையமைப்பாளர்களில் ஒருவர் அவர். 'சங்கீத் ஃபிலிம்ஸ்' என்று சொந்தக் கம்பனி தொடங்கி, அதில் நடித்து, இசையமைத்து, படத்தை இயக்கவும் செய்தார். 1930களில் ஒரு பெண் இத்தனையையும் செய்தார் என்பதை எமது மாணவிகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 'தலாஷே ஹக்' படத்திலேயே தன் சின்ன மகளையும் கமெராவின் முன்னால் நிறுத்தினார். அப்போது நர்கிஸுக்கு ஐந்தாறு வயது.

மகளுக்கு என்ன கொடுத்தார், எதைக் கொடுக்காமல் விட்டார் என்பதுதான் இந்தக் கதையில் எம்மை நிறுத்தி வைத்த இடம். உர்து எழுத்தாளர் சஆதத் ஹசன் மண்டோ பம்பாயில் சினிமாவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நர்கிஸைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. இளம் வயது நர்கிஸ், யாரென்று சொல்லாமலே தொலைபேசியில் மண்டோவின் மனைவியுடைய தங்கைமாருடன் பேசிப் பேசி நட்பாகிவிடுகிறாள். ஆள் யாரென்று தெரிந்த பிறகு, அவளை வீட்டுக்கு அழைத்த விடயத்தை அந்தப் பெண்கள் மண்டோவிடமே மறைக்கிறார்கள். 'அப்படிப்பட்ட' வீட்டுப் பிள்ளையோடு என்ன சிநேகம் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். எத்தனை ரசிகர்கள் இருந்தால் என்ன, அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது தன் வயதில் இரண்டு சிநேகிதிகள்.

அதே குறிப்பில் இன்னொன்றும் வருகிறது. எல்லோரும் கூடியிருக்கும்போது நர்கிஸைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். இவளுக்கு நான் சங்கீதம் படிப்பிக்கவில்லை, மோகன் பாபுவுக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை என்ற பொருளில் ஜத்தன்பாய் சொல்கிறார். பிறகு மகள் பாடுகிறாள். மண்டோ தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை. அந்தப் பாட்டில் இனிமையே இருக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டார்.

பரம்பரை பரம்பரையாகப் பாடிய வீட்டில் மகளுக்குப் பாட்டு வரவில்லை. இரத்தத்தில் வரும் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? வராததற்குக் காரணம், தாய் வேண்டுமென்றே கற்றுக்கொடுக்காததுதான். தன்னைப் பிரபலமாக்கிய அதே கலை மகளை எந்தப் பெயரால் அழைக்க வைக்கும் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. உலகம் அறிந்த பாட்டுகளில் நர்கிஸ் வாயசைத்தார். அவருக்காகப் பெரும்பாலும் பாடியவர் லதா மங்கேஷ்கர்.

நர்கிஸுக்கு டொக்டராக ஆசை. ஆனால் வீட்டின் வரவு செலவு வேறு விதமாக இருந்தது. மரைன் டிரைவில் இருந்த அந்த வீடு எப்போதும் விருந்தாளிகளால் நிறைந்திருக்கும், கையில் பணம் தங்காது. 1943இல் மெஹ்பூப் கான் தன் 'தக்தீர்' படத்தில் அவரைக் கதாநாயகியாக்கினார். வயது பதினான்கு. 'தக்தீர்' என்றால் விதி. வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று எமக்குத் தோன்றியது.

1949இல் 'அந்தாஸ்', 'பர்சாத்' என்று இரண்டு படங்கள் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. அதே வருடம் ஏப்ரலில் ஜத்தன்பாய் காலமானார். மகளுக்கு இருபது வயது நிறைந்திருக்கவில்லை.

'பர்சாத்' ராஜ் கபூரின் படம். அவரும் ஒரு பிரபல நடிகரின் மகன்தான், தந்தை பிருத்விராஜ் கபூர். ராஜ் கபூரிடம் போய் யாருடைய மகன் என்று கேட்டால் அது புகழ்ச்சி. நர்கிஸிடம் அதே கேள்வியைக் கேட்டால் அது குத்தல். இரண்டு பேரும் ஒரே தொழிலில், ஒரே ஸ்டுடியோவில், ஒரே காட்சியில் நின்றவர்கள். ஆர்.கே. ஸ்டுடியோவின் சின்னத்தில் ஒரு கையில் வயலினும் மறு கையில் சாய்ந்த பெண்ணுமாக ஓர் ஆண் நிற்பானே, 'பர்சாத்' காட்சியிலிருந்து எடுத்த அந்தச் சின்னத்தில் இருப்பது நர்கிஸ்தான். சின்னத்தில் அவர் இருந்தார், எழுத்துகள் மட்டும் வேறொருவரின் பெயருக்கு. இருவருக்கும் இடையில் இருந்த உறவையும், ராஜ் கபூர் ஏற்கனவே மணமானவர் என்பதையும் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நாம் அதற்குள் போகவில்லை.

1951இல் வந்த 'ஆவாரா' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கே.ஏ. அப்பாஸ் எழுதிய கதை. ரகுநாத் என்ற நீதிபதி இருக்கிறார். நல்லவர்களின் பிள்ளை நல்லவன், திருடனின் பிள்ளை திருடன் என்பது அவருடைய கொள்கை. தகப்பன் கொள்ளைக்காரன் என்பதையே காரணமாக வைத்து ஜக்கா என்பவனைத் தண்டிக்கிறார். ஜக்கா பழிவாங்குகிறான். நீதிபதியின் சொந்த மகனையே திருடனாக்கிக் காட்டுகிறான். கடைசியில் அந்த மகன் குற்றவாளிக் கூண்டில் நிற்க, தகப்பனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறாள் ரீட்டா என்ற இளம் சட்டத்தரணி.

அந்தச் சட்டத்தரணியாக நடித்தவர் நர்கிஸ். இரத்தத்தை நம்பிய நீதிபதியாக நடித்தவர் பிருத்விராஜ் கபூர். மகனாக ராஜ் கபூர், மகனின் சிறு வயதில் ஷஷி கபூர். போதாததற்கு, வழக்கை விசாரிக்கும் நீதிபதியாகப் பிருத்விராஜின் தகப்பனாரே சிறு காட்சியில் வருகிறார். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்த மண்டபத்தில் இருக்கிறது. அவர்களுக்கு நடுவில் கறுப்பு அங்கியோடு நின்று, பிறப்பை வைத்து மனிதனை எடைபோடலாமா என்று கேட்பது ஜத்தன்பாயின் மகள். இதை யாராவது யோசித்துத்தான் செய்தார்களா என்பது எமக்குத் தெரியாது. ஆனால் இதை அறிந்தபின் அந்தக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. சோவியத் நாட்டில் மட்டும் இந்தப் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பிறகு 1957இல் 'மதர் இந்தியா'. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், நரைத்த தலையோடு கிழவித் தாயாக நடித்தார். மகனாக நடித்தவர் சுனில் தத். குஜராத்தில் நடந்த படப்பிடிப்பில் வைக்கோல் போர்களுக்கு வைத்த தீ கட்டுமீறி நர்கிஸைச் சூழ்ந்துகொண்டது. சுனில் தத் உள்ளே பாய்ந்து அவரைக் காப்பாற்றித் தானும் தீக்காயங்களோடு படுத்தார். அவரைப் பராமரித்தவர் நர்கிஸ். 1958 மார்ச்சில் இருவரும் மணந்தார்கள்.

இந்த சுனில் தத்துக்கும் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டு தரமற்றது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கியபோது, முழு இந்தியாவும் கொழும்பை நோக்கி ரேடியோவைத் திருப்பியது. பம்பாயில் ஒலிப்பதிவான நிகழ்ச்சிகள் இங்கே வந்து, ரேடியோ சிலோன் ஹிந்தி சேவையில் ஒலிபரப்பாகின. பிரிவினையில் ஊரை இழந்து பம்பாய்க்கு வந்த பல்ராஜ் தத் என்ற இளைஞர், நடிகராவதற்கு முன்பு அந்தச் சேவையின் அறிவிப்பாளராக இருந்தார். நட்சத்திரங்களைப் பேட்டி காண்பது அவர் வேலை. ஒருநாள் நர்கிஸ் வந்து எதிரில் அமர்ந்ததும் பையனுக்கு வாய் கட்டிப்போய் ஒரு வார்த்தையும் வரவில்லை, பேட்டியே நடக்கவில்லை என்று சொல்வார்கள். அவர்தான் பின்னாளில் சுனில் தத்.

'மதர் இந்தியா' ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. கார்லோவி வாரி திரைப்பட விழாவில் நர்கிஸுக்குச் சிறந்த நடிகை விருது. அதே 1958இல் பத்மஸ்ரீ. மணமான பிறகு படங்களைக் குறைத்துக்கொண்டார். 1967இல் வெளிவந்த 'ராத் அவுர் தின்' படத்துக்காக, சிறந்த நடிகைக்கான இந்தியாவின் முதல் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. எமக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கான சங்கத்தின் புரவலராக அவர் நின்றது. வகுப்பறையில் இப்படியான பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். 1980இல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார். டொக்டராக முடியாதவரின் பெயரில் இன்று ஒரு புற்றுநோய் அறக்கட்டளை இயங்குகிறது.

அந்த நோய்தான் அவரைக் கொண்டுபோனது. 1981 மே 3ஆம் திகதி, ஐம்பத்திரண்டு வயது நிறைவதற்கு முன், பம்பாயில் மௌத்தானார். மரைன் லைன்ஸ் படா கப்ரஸ்தானில் அடக்கினார்கள். மகன் சஞ்சய் தத்தின் முதல் படம் 'ராக்கி' அந்த வாரமே திரைக்கு வந்தது. முதல் காட்சியில் ஓர் ஆசனத்தை சுனில் தத் வெறுமையாக வைத்திருந்தார்.

மாணவியின் விடயத்துக்கு வருகிறோம். பேச்சுப் போட்டிக்கே பெயரைக் கொடுத்துவிட்டோம். வலய மட்டத்தில் இரண்டாம் இடம். பரிசளிப்பு அன்று அவளுடைய வாப்பா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். முன்னுக்கு வாங்க என்று நாம் கூப்பிட்டோம். "பரவால்ல சேர், இங்கயே நிக்கிறன்" என்றார்.