அடைக்கோழியின் சீதனம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, கடலும் களப்பும் நெருங்கி நிற்கும் மணற்றரையில் அமைந்த கொக்கிளாய், பறவைகளுக்குப் பேர்போன ஊர். மாரிகாலத்தில் வடதிசையிலிருந்து வந்திறங்கும் நீர்ப்பறவைகளின் பொருட்டு 1951ஆம் ஆண்டிலே அக்களப்பு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அயலிலுள்ள காட்டிலே திரியும் காட்டுக்கோழியோ, இலங்கையிலன்றி வேறெங்கும் காணப்படாத பெருமையால் தேசியப் பறவை என்ற பட்டத்தைப் பெற்றிருக்கிறது. வளவிலே குப்பை கிளறித் திரியும் ஊர்க்கோழிக்கு மாத்திரம் சட்டமுமில்லை, பட்டமுமில்லை. ஆனால் மனித வைத்திய சாஸ்திரம் அதிகம் கடன்பட்டிருப்பது இந்த மூன்றாவது பறவைக்கேயாம்.

வன்னிக் கரையோரத்துப் பெண்கள் கோழி வளர்த்த முறையில் சாஸ்திரம் என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. பேடு அடைக்கு வந்ததும், கடகத்திலோ பழைய பெட்டியிலோ வைக்கோலைப் பரப்பி முட்டைகளை வைத்து, இடிமுழக்கத்துக்கு அவை கூழாகாதிருக்க ஓர் இரும்புத்துண்டையும் போட்டு, இருபத்தொரு நாள் காத்திருப்பார்கள். பொரித்த குஞ்சுகளுக்குக் குரக்கனையும் கறையானையும் கொடுத்து, பிராந்துக்கும் கீரிக்கும் தப்பியதை வளர்ப்பார்கள். அம்முறையில் தாய்க்கோழி குஞ்சுக்கு வெப்பத்தையும் காவலையும் மாத்திரம் கொடுக்கவில்லை, கண்ணுக்குப் புலனாகாத வேறு சீதனமும் கொடுத்து வந்தது என்பதை அறிய ஆராய்ச்சியாளருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

அந்த ஆராய்ச்சியின் வரலாற்றில் அடிக்கடி வந்துபோகும் எதிரி சல்மொனெல்லா என்னும் பற்றீரியா. 1899இல் அமெரிக்காவிலே லியோ ரெட்கர் என்பவர், பொரித்த சில நாட்களுள் வெண்மையாகக் கழிந்து கூட்டங்கூட்டமாய் மடியும் குஞ்சுகளை ஆராய்ந்து, இவ்வினத்தைச் சேர்ந்த புல்லோரம் என்னும் கிருமியைக் கண்டார். அது முட்டையின் வழியே தாயிடமிருந்து குஞ்சுக்குச் செல்வது என்பது பின்னர் விளங்கிற்று. ஆகவே தாய் வழங்குவதெல்லாம் நன்மையே என்று கொள்வதற்கில்லை. எனினும் அதே முட்டையின் மஞ்சட்கருவினூடாகவே தாயின் பிறபொருளெதிரிகளும் குஞ்சைச் சேர்கின்றன என்பதற்கு, 1893இலேயே கிளெம்பரர் என்ற ஜெர்மானியர், ஏற்புநோய் நஞ்சுக்கு நிர்ப்பீடனம் ஊட்டிய கோழிகளைக் கொண்டு சான்று காட்டியிருந்தார்.

ஆனால் இவ்வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம், 1956ஆம் ஆண்டுக்கு உரியது. கோழியின் கழிவாய்க்கு மேலே ஒரு சிறு பை உண்டு; பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பாதுவா நகரத்து உடற்கூற்று ஆசிரியர் பப்ரீசியஸ் அதனை வர்ணித்து, விந்தைச் சேமிக்கும் இடம் என்று கருதினார். மூன்று நூற்றாண்டு கடந்து, அமெரிக்காவின் ஒகைய்யோ அரசுப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அப்பையைக் குஞ்சுப் பருவத்திலே அகற்றிய கோழிகளை வளர்த்துவர, பிறபொருளெதிரி உண்டாவதை வகுப்பிலே செய்து காட்ட விரும்பிய திமொதி சாங் என்ற சகமாணவர், வேறு கோழி கிடையாமையால், அவற்றை இரவல் பெற்றுச் சல்மொனெல்லாவின் பிறபொருளை ஏற்றினார். சில கோழிகள் இறந்தன. பிழைத்தவற்றின் இரத்தத்திலோ பிறபொருளெதிரியைக் காணவில்லை. விஞ்ஞான உலகின் பெயர்பெற்ற சஞ்சிகை ஒன்று ஏற்க மறுத்த அக்கட்டுரை, கோழிவளர்ப்பு விஞ்ஞான ஏடொன்றிலே ஒதுங்கி வெளிவந்தது. இரவல் கோழியும் மறுத்த பத்திராதிபரும் இல்லையேல் இக்கதைக்குச் சுவையில்லை. 1965இல் மக்ஸ் கூப்பரும் துணைவர்களும், பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்கள் அப்பையைச் சார்ந்தவை என்றும், மற்றொரு படையான கலங்கள் தைமசுச் சுரப்பியைச் சார்ந்தவை என்றும் வேறுபிரித்துக் காட்டினர். மனிதரில் பிறபொருளெதிரிகளை ஆக்கும் பி கலங்களும் அப்பையினது லத்தீன் பெயரின் முதலெழுத்தையே தாங்கி நிற்கின்றன.

அதே 1956இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் சிமித் என்பவர், சல்மொனெல்லாவால் வரும் மற்றொரு நோயான கோழி டைபொயிட்டுக்கு எதிராக 9ஆர் என்னும் வலுக்குன்றிய உயிர்க்கிருமித் தடுப்பூசியை விவரித்தார். வலுக்குன்றினும் உயிருள்ள கிருமி உட்செல்லும்போது, பிறபொருளெதிரியோடு தைமசுக் கலங்களும் விழித்துக்கொள்கின்றன. விழுங்குங் கலங்களின் உள்ளேயே குடியேறி ஒளியும் சல்மொனெல்லாவை ஒடுக்க இவையே பெரிதும் வேண்டப்படுபவை. புல்லோரத்தின் சூழ்ச்சியும் இங்கேதான் வெளிப்படுகிறது. நோயிலிருந்து தப்பிய பேட்டின் மண்ணீரலிலே பல மாதம் அடங்கிக் கிடந்து, அப்பேடு முதன்முதல் முட்டையிடும் பருவத்தை எய்தித் தைமசுக் கலங்களின் ஊக்கம் தற்காலிகமாகத் தணியும் தருணம் பார்த்து, சூலகத்தையும் முட்டைக் குழாயையும் நாடிச் செல்கிறது.

பொரியந்திரம் வந்தபின் குஞ்சுக்கும் தாய்க்கும் இடையே இருந்த உறவு அறுந்தது. பின்லாந்தில் 1971இல் இறைச்சிக் கோழிகளிடையே ஒருவகைச் சல்மொனெல்லா பரவியபோது, நூர்மி, ரன்டலா என்னும் இருவர், வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளுக்கு ஊட்டி, அவை அக்கிருமியை எதிர்ப்பதை 1973இல் நிறுவினர். குடலிலே நல்ல பற்றீரியாக்கள் முன்னரே இடம் பிடித்துவிட்டால் வந்தேறிக்கு வாய்ப்புக் குறைவு. கூடவே நின்று தாய் கிளறிய குப்பையைக் கொத்தும் ஊர்க்குஞ்சு, அவற்றை விலையின்றிப் பெற்றுக்கொள்கிறது. இதனால் ஊர்க்கோழி நோயறியாதது என்று எவரேனும் பெருமை பேசின், இராணிக்கெட் என்னும் கோழிநோய் வந்த வருஷத்தில் வன்னிக் கிராமமொன்றிலே வெறுமையாய்க் கிடந்த கூடுகளை அவர் கண்டதில்லை என்றே சொல்லவேண்டும்.

1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாயும் அதன் அயலூர்களான கொக்குத்தொடுவாயும் கருநாட்டுக்கேணியும் போரினால் குடிகளை இழந்தபோது, வளவுக் கோழிகளின் தொடர்ச்சியும் அறுந்தது. போருக்குப் பின் மீளக்குடியமர்ந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. பொரியந்திரத்திலே பிறந்த குஞ்சுகளாயின், தாயைக் கண்டறியாதவை. அத்தகைய குஞ்சுகளுக்குத் தாய்மந்தையின் சுத்தமே முதற் காவல். இரத்தத்துளி ஒன்றைச் சாயமூட்டிய புல்லோரப் பிறபொருளுடன் வெண்தட்டிலே கலந்தால், நோய்தாங்கிய பேடாயின் சிறிது நேரத்துள் துகள் திரளும். இனப்பெருக்கப் பண்ணைகளிலே இச்சோதனை நடைமுறையில் உண்டு. வளவிலே தானே அடைக்கு வரும் பேட்டை அது எட்டுவது அரிது.